கேமரா இல்லாமலே படம் பண்ணிய கல்லூரி மாணவர்... ஆஸ்கர் வரை போனது எப்படி? யார் இந்த நார்மன் மெக்லாரன்?

கையில் ஒரு போன் இருந்தால் போதும். இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவர் அரை மணி நேரத்தில் ஒரு குட்டி வீடியோவை முடித்துவிடலாம். எழுத்துகள் துள்ளி வரணுமா, மேப் தானாக விரியணுமா, பாட்டின் தாளத்துக்கு வட்டமும் கோடும் ஆடணுமா? எல்லாத்துக்கும் ஆப் இருக்கிறது.

1933-ல் இதே ஆசையோடு ஒரு 19 வயது மாணவர் இருந்தார். அவரிடம் கேமராகூட இல்லை. வாங்கக் காசும் இல்லை.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? தியேட்டரில் ஓடித் தேய்ந்துபோன ஒரு பிலிம் சுருளை வாங்கி வந்து, குளியல் தொட்டியில் ஊறப் போட்டார்!

அவர்தான் நார்மன் மெக்லாரன். பின்னாளில் அவருடைய படங்கள் ஆஸ்கர், கான் என இரண்டு பெரிய மேடைகளிலும் விருது வாங்கின. அவருடைய ஒரு படத்துக்கு சிதார் மேதை ரவிசங்கரே வாசித்திருக்கிறார். 'மோஷன் கிராபிக்ஸ்' படிக்கிறவர்கள் இன்றைக்கும் அவருடைய படங்களைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

யார் இவர்? அந்தக் குளியல் தொட்டியில் அப்படி என்னதான் நடந்தது?

பெயின்டர் வீட்டுப் பையன்

1914 ஏப்ரல் 11. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் பிறந்தார் மெக்லாரன். அப்பா, வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து அலங்காரம் செய்து தரும் தொழில் பார்த்தவர். மூன்று பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

சின்ன வயதில் ரேடியோவில் இசை கேட்கும்போது இவருக்கு ஒரு பழக்கம். கண்ணை மூடிக்கொள்வார். இசைக்கு ஏற்ப கோடுகளும் வடிவங்களும் மனசுக்குள் ஓடும். அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை.

1932-ல் கிளாஸ்கோ கலைக் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்த பாடம் உள் அலங்கார வடிவமைப்பு. ஆனால் மனசு போனது சினிமா பக்கம். அந்த ஊர் பிலிம் சொசைட்டியில் ஐசன்ஸ்டைன், புடோவ்கின் போன்ற சோவியத் இயக்குநர்களின் படங்களைப் பார்த்தார். காட்சிகளை வெட்டி ஒட்டுவதிலேயே அர்த்தம் பிறக்கும் என்பது புரிந்தது.

அங்கேதான் ஜெர்மன் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கர் செய்த ஒரு படத்தையும் பார்த்தார். அதில் கதை இல்லை, மனிதர்கள் இல்லை. பிராம்ஸின் இசைக்கு வெள்ளைக் கோடுகள் திரையில் பாய்ந்து ஆடின. அவ்வளவுதான். சின்ன வயதில் கண்ணை மூடிப் பார்த்ததை இன்னொருவர் திரையில் செய்து காட்டிவிட்டார். அப்படியென்றால் இது செய்யக்கூடியதுதான்!

குளியல் தொட்டியில் ஊறிய பிலிம்

செய்யலாம் சரி, எதை வைத்து? கேமராவும் இல்லை, புது பிலிமும் இல்லை.

சினிமா பிலிம் என்பது ஒளி புகும் ஒரு பட்டை. அதன் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும். படம் பதிவது அந்தப் பூச்சில்தான். பூச்சை எடுத்துவிட்டால் கண்ணாடி மாதிரி வெறும் பட்டை மிஞ்சும்.

மெக்லாரன் யோசித்தது இதைத்தான். கேமராவின் வேலை பிலிமில் ஒரு படத்தைப் பதிப்பது. அந்த வேலையை ஒரு தூரிகை செய்யக்கூடாதா?

கல்லூரி நண்பர் ஸ்டூவர்ட் மெக்காலிஸ்டரும் சேர்ந்துகொண்டார். பழைய 35 மி.மீ. பிரின்ட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பூச்சை நீக்கினார்கள். மிஞ்சிய வெறும் பட்டை மேல் வண்ண மையால் வரைந்தார்கள். அப்படியே புரொஜெக்டரில் மாட்டி ஓட்டினார்கள். திரை முழுக்க வண்ணங்கள் பாய்ந்தன.

கேட்க சுலபமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 1,440 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சுமார் 2 செ.மீ. அகலம்தான், ஒரு தபால் தலை அளவு. அது திரையில் பல நூறு மடங்கு பெரிதாகும். கை ஒரு முடி அளவு நடுங்கினால், திரையில் பூகம்பம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சு போன பட்டையில் எது ஒரு கட்டம், எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று காட்டும் கோடே இருக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்க மெக்லாரன் பின்னாளில் தனியாக ஒரு கருவியையே அமைத்துக்கொண்டார். பிலிமை ஓரத் துளைகளில் பிடித்து, கட்டம் கட்டமாக நகர்த்தும் கருவி அது. வரையும்போதே முந்தைய கட்டத்தின் படமும் கண்ணுக்குத் தெரியும்.

இப்படி பிலிமிலேயே வரைந்தவர் இவர் மட்டும் இல்லை. நியூசிலாந்தில் பிறந்த லென் லை என்பவரும் இதே முறையில் 1935-ல் லண்டனில் ஒரு படம் செய்து பெயர் வாங்கினார். அதைப் பார்த்து மெக்லாரன் பொறாமைப்படவில்லை, துள்ளிக் குதித்தார். தான் போகும் வழி பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

ரூல்ஸ் இல்லாத மாணவர் படங்கள்

கைக்கு கேமரா கிடைத்ததும் மெக்லாரன் எடுத்த படம் 'செவன் டில் ஃபைவ்'. காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை கலைக் கல்லூரியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான் கதை. வசனம் கிடையாது. சோவியத் படங்களில் கற்ற எடிட்டிங்கை அப்படியே தன் கல்லூரி மேல் போட்டுப் பார்த்தார்.

அடுத்து 1935-ல் 'கேமரா மேக்ஸ் வூப்பி'. கல்லூரியின் கிறிஸ்துமஸ் நடன விழாதான் களம். சும்மா விழாவைப் பதிவு செய்யவில்லை. ஒரு காட்சி மேல் இன்னொரு காட்சி, அனிமேஷன், உயிரில்லாத பொருள்கள் தானாக நகர்வது என்று அந்தக் கேமராவில் என்னென்ன தந்திரம் முடியுமோ எல்லாத்தையும் இறக்கினார். அதே ஆண்டில் வண்ணமும் ஒளியும் மட்டுமே விளையாடும் 'கலர் காக்டெய்ல்'.

ஸ்காட்லாந்தின் அமெச்சூர் திரைப்பட விழாவுக்கு இவை போயின. அங்கே நடுவராக உட்கார்ந்திருந்தவர் ஜான் கிரியர்சன். பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர். படிப்பு முடிந்ததும் வந்து சேர் என்று இந்த மாணவரை லண்டனுக்கு அழைத்தார்.

கத்துக்குட்டிப் படங்களில் குறைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் யாரும் செய்யாததைச் செய்து பார்க்கும் துணிச்சல் அதில் தெரிந்தால், அதைக் கண்டுபிடிக்கிற ஒரு கண் எங்காவது இருக்கும். மெக்லாரனுக்கு அது கிரியர்சனாக அமைந்தது.

போரை விளக்கிய 'எக்ஸ்பிளெயினர்'

மெக்லாரனின் மாணவப் பருவத்தில் அதிகம் பேசப்பட வேண்டிய படம் 1936-ல் வந்த 'ஹெல் அன்லிமிடெட்'. அதே கல்லூரியில் படித்த சிற்பி ஹெலன் பிகருடன் சேர்ந்து செய்தது. ஓடும் நேரம் சுமார் 15 நிமிடம்.

அப்போது ஐரோப்பா கொதித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் ஹிட்லர், இத்தாலியில் முசோலினி. நாடுகள் எல்லாம் ஆயுதங்களை வாங்கிக் குவித்தன. இரண்டு இளைஞர்களும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: போரால் லாபம் யாருக்கு?

பதில் சொல்ல அவர்கள் நடிகர்களை மட்டும் நம்பவில்லை. நகரும் வரைபடங்கள், வளரும் கிராப்கள், பொம்மைகள், செய்திப் பட காட்சிகள், திரையில் பாயும் எழுத்துகள் என எல்லாத்தையும் கலந்தார்கள். ஆயுத வியாபாரி ஒரு பாத்திரமாகவே வருவார். மக்கள் கட்டும் வரிப்பணம் எப்படிக் குண்டாக மாறுகிறது என்று படம் படிப்படியாகக் காட்டும். கடைசியில், எதிர்த்து நில்லுங்கள் என்று பார்ப்பவர்களைக் கேட்டுக்கொள்ளும்.

இன்றைக்கு நியூஸ் சேனல்களில் பட்ஜெட்டை கிராபிக்ஸில் விளக்குகிறார்கள் இல்லையா? அந்த வேலையை 16 மி.மீ. கேமராவையும் கையால் வெட்டிய காகிதத்தையும் வைத்து இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். கிராபிக்ஸ் இங்கே அலங்காரம் இல்லை, அதுதான் வாதமே.

படம் போரை நிறுத்தியதா? இல்லை. மூன்றே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது.

ஸ்பெயினில் பார்த்த கொடூரம்

உலகப் போருக்கு முன்பே இன்னொரு போரை மெக்லாரன் நேரில் பார்த்துவிட்டார். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தது. 'டிஃபென்ஸ் ஆஃப் மாட்ரிட்' என்ற ஆவணப்படத்துக்காக, இயக்குநர் ஐவர் மான்டேகுவுடன் கேமராமேனாக அங்கே போனார். வயது 22. குண்டு விழும் நகரம், தெருவில் கிடக்கும் உடல்கள். வரைபடத்தில் கோடுகளாகக் காட்டிய போரை இப்போது கண்ணால் பார்த்தார். அந்தக் காட்சிகள் அவரை விட்டுப் போகவே இல்லை.

பிறகு லண்டனில் கிரியர்சன் கூப்பிட்ட வேலை. பிரிட்டிஷ் தபால் துறையின் படப் பிரிவு அது. சம்பளமும் உண்டு, பயிற்சியும் உண்டு. டெலிபோன் டைரக்டரி எப்படி அச்சாகிறது என்பது மாதிரியான சாதாரண விஷயங்களையும் படமாக்கினார்.

1938-ல் விமானத் தபாலை விளம்பரம் செய்ய 'லவ் ஆன் தி விங்' படம். மறுபடியும் பேனாவும் மையும், நேராக பிலிமில். காதலர்களாக மாறும் கடிதங்கள் நொடிக்கு நொடி உருமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த உருவங்களில் காம வாடை அடிக்கிறது என்று தபால் துறையின் மேலிடம் முகம் சுளித்துவிட்டது. அரசு வேலையில் சோதனை முயற்சிக்கு எவ்வளவு இடம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1937-ல் லண்டனில் கய் குளோவர் என்பவரைச் சந்தித்தார். அதன் பிறகு சாகும் வரை, ஏறக்குறைய 50 ஆண்டுகள், இருவரும் துணைவர்களாகவே வாழ்ந்தார்கள். ஆண்களுக்கு இடையிலான பாலுறவு சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. பின்னாளில் அவர்கள் குடியேறிய கனடாவில் அந்தச் சட்டம் 1969-ல்தான் மாறியது.

சத்தத்தையும் வரைந்தார்!

போர் தொடங்கியதும், 1939 அக்டோபரில் மெக்லாரன் நியூயார்க் கிளம்பினார். கையில் காசு கிடையாது. மறுபடியும் பழைய மாணவர் நிலைமைதான். மறுபடியும் வெறும் பிலிமும் பேனாவும்தான்.

இந்த முறை அவர் இன்னொரு படி மேலே போனார். இசைக்கலைஞர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? இசையையும் வரைந்துவிடலாம்!

எப்படி? பிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு மெல்லிய பட்டை இருக்கும். புரொஜெக்டரில் அதன் வழியாக ஒளி பாயும். பட்டையில் உள்ள கறுப்பு வெள்ளைக்கு ஏற்ப ஒளி கூடும், குறையும். அதுதான் ஸ்பீக்கரில் சத்தமாக மாறும். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டால்? கோடுகள் நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். கோடு பெரிதானால் சத்தம் கூடும்.

உதாரணத்துக்கு, நொடிக்கு 440 அதிர்வுள்ள ஒரு ஸ்வரம் வேண்டுமென்றால், ஒரு கட்டத்துக்கு சுமார் 18 கோடுகள் போட வேண்டும். 1940-ல் வந்த 'டாட்ஸ்' படத்தில் புள்ளிகளும் இவர் வரைந்தவை, அதோடு வரும் சத்தமும் இவர் வரைந்ததுதான். மைக் இல்லை, கேமராவும் இல்லை.

போரை வெறுத்தவர் கையில் போர்ப் பத்திரம்

1941-ல் கிரியர்சன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு. மெக்லாரன் அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் வேலை பார்த்தார்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. போரை எதிர்த்துப் படம் எடுத்தவர், இப்போது போர் நடத்தும் ஓர் அரசின் சம்பளக்காரர். 'வி ஃபார் விக்டரி', 'ஃபைவ் ஃபார் ஃபோர்' எல்லாம் போர்ச் சேமிப்புத் திட்டத்தில் பணம் போடச் சொல்லும் விளம்பரங்கள். அவற்றில் ரத்தம் இல்லை, எதிரி இல்லை, ஆடும் கோடுகளும் எண்களும்தான். ஆனாலும் அந்தப் பணம் எங்கே போகிறது என்பது 'ஹெல் அன்லிமிடெட்' எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய வாழ்க்கையில் சுலபமாகக் கடந்துபோக முடியாத இடம் இது.

அதே காலத்தில் வாரியத்தின் அனிமேஷன் பிரிவை உருவாக்கும் பொறுப்பும் வந்தது. ஆள் எடுக்க இவர் போன இடம் கலைக் கல்லூரிகள். அப்படி வந்த இளைஞர்களில் ஒருவர் ஜார்ஜ் டன்னிங். பீட்டில்ஸ் குழுவின் 'யெல்லோ சப்மரீன்' படத்தை 1968-ல் இயக்கியவர் அவர்தான். எவ்லின் லாம்பார்ட்டும் அங்கே சேர்ந்தவர்தான். 1949-ல் இவரும் மெக்லாரனும் சேர்ந்து, ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸ் இசைக்கு 'பிகான் டல் கேர்' செய்தார்கள். இசையை முதலில் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு நீளமான பிலிமை மேஜையில் விரித்து, கட்டம் பார்க்காமல் பெயின்ட் அடித்தார்கள். வலைத் துணியை வைத்து அச்சு எடுத்தார்கள். ஒட்டிய தூசியையும் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு பூவுக்காக ஒரு கொலை

1949-ல் யுனெஸ்கோ திட்டத்துக்காக மெக்லாரன் சீனா போனார். கிராமத்து மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் படங்களைச் செய்ய, உள்ளூர் ஓவியர்களுக்குப் பயிற்சி தருவது வேலை. அவர் அங்கே இருக்கும்போதே சீனாவில் ஆட்சி மாறியது. திரும்பி வந்த கொஞ்ச நாளில் கொரியப் போர் தொடங்கியது. நேற்று வரை கூட வேலை பார்த்த மக்கள் இன்றைக்கு எதிரிகளாம்!

மாணவனாக இருந்தபோது வந்த அதே கோபம் 16 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. 1952-ல் 'நெய்பர்ஸ்' பிறந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். சாய்வு நாற்காலியில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார்கள். நடுவில் எல்லையில் ஒரு பூ பூக்கிறது. அது யாருக்கு? பேச்சு, வேலி, அடிதடி, கடைசியில் இருவரும் செத்துப்போகிறார்கள். சுமார் 8 நிமிடத்தில் ஒரு போர் எப்படி ஆரம்பிக்கிறது என்பது முடிந்துவிடும்.

இதில் மெக்லாரன் மனிதர்களையே பொம்மை மாதிரி கட்டம் கட்டமாக நகர்த்திப் படம் எடுத்தார். இதற்குப் பெயர் 'பிக்சிலேஷன்'. நடிகர் குதிப்பார், அவர் உச்சியில் இருக்கும்போது ஒரே ஒரு கட்டம் கிளிக். மறுபடி குதிப்பார், மறுபடி கிளிக். சேர்த்து ஓட்டினால் ஆள் காற்றிலேயே மிதந்து போவார்! போனில் ஸ்டாப் மோஷன் செய்கிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

1953-ல் இந்தப் படம் ஆஸ்கர் வென்றது. வேடிக்கை என்னவென்றால், கிடைத்தது குறு ஆவணப்படத்துக்கான விருது!

ஆனால் எல்லோரும் முழுப் படத்தையும் பார்க்கவில்லை. இருவரும் வெறிபிடித்து ஒருவர் வீட்டு மனைவியையும் குழந்தையையும் மற்றவர் தாக்கும் காட்சியை, கொடூரமாக இருக்கிறது என்று வெளிநாட்டுப் பிரதிகளில் வெட்டிவிட்டார்கள். பல ஆண்டு கழித்து, வியட்நாம் போர்க் காலத்தில்தான் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. போர் குழந்தைகளையும் விடாது என்பதைத் தினமும் டிவியில் பார்க்கும் நிலை அதற்குள் வந்திருந்தது.

இந்தியத் தொடர்பு என்ன?

1950-களின் தொடக்கத்தில் மெக்லாரன் இந்தியாவுக்கும் வந்தார். இதுவும் யுனெஸ்கோ பணிதான். குறைந்த செலவில், இருக்கும் பொருளை வைத்துக் கல்விப் படங்கள் செய்யச் சொல்லிக்கொடுத்தார். குளியல் தொட்டியில் படம் பண்ணியவரைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார்?

1957-ல் வந்த 'எ சேரி டேல்' படத்தில் ஒரு நாற்காலிதான் ஹீரோ. உட்கார வரும் இளைஞரை அது உட்காரவே விடாது. கெஞ்சியும் மிரட்டியும் பயன் இல்லை. கடைசியில் அவர் நாற்காலியைத் தன் மடியில் உட்கார வைப்பார். அதற்கப்புறம்தான் அது இடம் கொடுக்கும். ஒரு வார்த்தை வசனம் இல்லாத இந்தப் படத்துக்குப் பேச்சாக இருப்பது ரவிசங்கரின் சிதாரும் சதுர் லாலின் தபலாவும்தான்.

இடையில் 1955-ல், கறுப்பு பிலிமைக் கத்தியால் சுரண்டியே செய்த 'பிளிங்கிட்டி பிளாங்க்' படத்துக்கு கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருது கிடைத்தது. 1968-ல் பாலே நடனத்தைத் தொடர் நிழல்களாக விரித்துக் காட்டிய 'பா டி டூ' வந்தது.

ரகசியமே இல்லை

இவ்வளவு தந்திரம் தெரிந்தவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. தன் படங்களை எப்படிச் செய்தார் என்று விளக்கமாகத் தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதிவைத்தார். எந்த மாணவரும் படித்துவிட்டு மறுநாளே செய்து பார்க்கலாம்.

1983-ல் வந்த 'நார்சிசஸ்' அவருடைய கடைசிப் படம். 1987 ஜனவரி 27-ல், 72 வயதில் காலமானார். 2009-ல் 'நெய்பர்ஸ்' படத்தை யுனெஸ்கோ தன் 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்த்தது.

சரி, அந்தக் குளியல் தொட்டிப் படம் எங்கே? இன்று அது இல்லை. இருந்தது ஒரே பிரதி. நெகடிவ் கிடையாது. வரைந்த பிலிமையேதான் புரொஜெக்டரில் ஓட்டினார்கள். ஓட்டி ஓட்டியே அது தேய்ந்து போய்விட்டது.

இன்றைக்கு ஒரு மாணவர் செய்யும் முதல் வீடியோ கிளவுடில் பத்திரமாக இருக்கும். மெக்லாரனின் முதல் படத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதில் கற்ற வித்தை 'டாட்ஸ்', 'பிகான் டல் கேர்', 'பிளிங்கிட்டி பிளாங்க்' என ஒவ்வொன்றிலும் இருக்கிறது. போனில் தேடிப் பார்க்க வேண்டியதுதான்.